முத்தையன்கட்டில் ஒரு நீர்நாய்

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தில் கயாக் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு தோணி) விடுவதென்றால் காற்று எழும்புமுன் இறங்கிவிட வேண்டும். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பெயர்ந்துவிட்டால் வெயில் ஏற ஏற அலையும் ஏறும். மாரி முடிந்து குளம் நிறைந்து கிடக்கும் மாசி, பங்குனிக் காலைகள்தான் தோது. பேராற்றை மறித்துக் கட்டிய குளம் இது. ஒட்டுசுட்டான் பக்கத்தால் போகலாம். அணைக்கட்டுக்கு எதிர்ப்புறம் முழுக்கக் காடு. காட்டோரம் தண்ணீருக்குள்ளேயே நின்று பட்டுப்போன மரங்கள். பறவைகள் எல்லாம் அங்கேதான்.

கரையில் வலையிலிருந்து யப்பான் மீன் (திலாப்பியா) கழற்றிக்கொண்டிருந்த அண்ணையிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். "அந்த வளைவுப் பக்கம் கரையோட போகாதையுங்கோ தம்பி. அதில பெரிசு ஒண்டு வெயில் காயிறது" என்றார். சொன்னது போலவே சேற்றுத் திட்டில் வாயைத் திறந்தபடி கிடந்தது. முதலை வாயைப் பிளந்து கிடப்பது உடற்சூட்டைத் தணிக்க. நம்மை மிரட்ட அல்ல. ஆனாலும் அதற்குத் தண்ணீருக்குள் இறங்க வழி வேண்டும். அந்த வழியை மறிக்காமல் நடுக்குளத்தால் சுற்றிப் போனேன்.

இயந்திரப் படகு வந்தால் பறவைக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். கயாக் சத்தமில்லாமல் திடீரென்று பக்கத்தில் வந்து முளைக்கும். நமக்குக் கொண்டாட்டம், அதற்குத் திகில். கூழைக்கடா கழுத்தை நிமிர்த்தி மீன் தேடுவதை நிறுத்தினாலே போதும், துடுப்பை மடியில் வைத்துவிட வேண்டும். கூட்டிலிருந்து தாய்ப்பறவை எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும்தான். ஒரு படத்துக்காக அதைச் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

பட்ட மரமொன்றில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. அதன் இறகில் தண்ணீர் ஊறும். அதனால்தான் கழுத்து மட்டும் வெளியே தெரிய அமிழ்ந்து நீந்த முடிகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் 'நறுக் நறுக்' என்று ஏதோ நொறுங்கும் சத்தம்.

நீர்நாய்! பாதி அமிழ்ந்த மரக்கட்டையில் முன்னங்கால்களால் மீனை அழுத்திப் பிடித்துத் தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது. மீசை மயிரில் செதில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்தியது, பிறகு மறுபடி மென்றது. வாலை மட்டும் விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. குமிழிகள் வரிசையாக நகர்ந்து போன திசையை வைத்துத்தான் எங்கே போகிறதென்று தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன்: கட்டையில் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம், காய்ந்ததும் புதியதுமாக. அது அடிக்கடி வந்து போகிற இடம்.

அந்தக் கட்டையிலிருந்து கையெட்டும் தூரத்தில் மரக்கிளையைச் சுற்றித் தங்கூசி வலை, மெல்லிய நைலோன் இழையில் பின்னியது. மிதப்பு இல்லை, ஆரும் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வலையில்லை. அறுந்து வந்து சிக்கியது. அதில் ஒரு நீர்க்காகத்தின் எலும்பும் கறுத்த இறகுகளும் தொங்கின. மூச்செடுக்க மேலே வர வேண்டிய எந்தப் பிராணிக்கும் தண்ணீருக்கடியில் இது தூக்குக்கயிறு, நீர்நாய்க்கும் அப்படித்தான். கத்தியால் அறுத்தெடுக்க நெடுநேரமானது. கயாக் ஆட ஆட, கிளையில் ஒரு கையும் வலையில் ஒரு கையும்.

கரைக்குக் கொண்டுவந்து போட்டதும் அண்ணை கையிலெடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். "இது பழசு. எங்கட வள்ளம் அந்த மரங்களுக்குள்ள போகாது, ஆர் இறங்கி எடுக்கிறது?" என்றார். பிறகு எழுந்து நின்று, கையை நீட்டி இன்னும் இரண்டு மரங்களைக் காட்டினார். "அதிலயும் கிடக்குது. உங்கட இந்தத் தோணி போகும்போல. வாறகிழமை வருவீங்களே?"