ஆங்கில இலக்கியப் பட்டம்: கடனையும் சம்பளத்தையும் எப்படி எடைபோடுவது?

அமெரிக்கக் கல்லூரிகளின் நிதியுதவிப் பிரிவுக்கு, ஆங்கில இலக்கியம் படிக்க விரும்பும் பிள்ளையோடு வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டுதான் வருவார்கள். ஒன்று பட்டதாரியின் கடன், மற்றது சம்பளம். இரண்டுமே கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் எடுத்தவை. ஒன்றை மற்றதால் வகுத்து, ‘கட்டுபடியாகும்’ அல்லது ‘ஆகாது’ என்று முடிவும் கட்டியிருப்பார்கள். அந்த இரண்டு எண்களும் ஒரே மாணவர்களைப் பற்றியவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடன் எண் என்பது கூட்டாட்சிக் கடன், அதாவது அமெரிக்க மத்திய அரசு தரும் கடன், வாங்கிப் படிப்பையும் முடித்தவர்களின் இடைநிலை அளவு. கடனே வாங்காதவர்கள் அதில் இல்லை. வங்கிகளில் வாங்கிய தனியார் கடன் இல்லை. பெற்றோர் பெயரில் எடுத்த பேரன்ட் பிளஸ் கடன் வேறொரு வரியில் இருக்கும். சம்பளமோ வரிப் பதிவுகளிலிருந்து வருவது. கூட்டாட்சி உதவி ஏதேனும் பெற்றவர்களில், அந்த ஆண்டு படிப்பில் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள்.

ஆங்கிலம் படித்தவர்கள் விஷயத்தில் இந்தக் கடைசி நிபந்தனை நிறைய மாற்றிவிடுகிறது. இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிற்காலத்தில் சட்டம், கல்வியியல், நூலகவியல் என்று ஏதோ ஒரு மேல்பட்டம் பெறுகிறார்கள். அந்தப் படிப்பில் இருக்கும் காலத்தில் அவர்கள் கணக்குக்கு வெளியே. இன்னொன்று, அந்தச் சம்பளம் படிப்பு முடித்து எத்தனை ஆண்டு கழித்து எடுத்தது என்ற குறிப்பைப் படிக்காமல் அடுத்த கல்லூரியோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பட்டதாரியின் வருமானம் மெதுவாக ஏறுவது. முதலாண்டு எண்ணையும் ஐந்தாம் ஆண்டு எண்ணையும் அருகருகே வைத்தால் ஒரே பட்டமா என்று சந்தேகம் வரும். படைப்பெழுத்துப் படிப்பும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியும் தனித்தனிக் குறியீட்டின் கீழ் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். சின்னத் துறையாக இருந்தால் அந்தரங்கம் காக்க எண்ணே வெளியிட மாட்டார்கள். அந்த வெற்றிடத்துக்கு நல்லது கெட்டது என்று எந்த அர்த்தமும் கிடையாது.

எனவே வருமானத்தைக் கணிப்பதில் நேரத்தைச் செலவிடுவதைவிட, உங்கள் பிடியில் இருக்கும் கடனிலிருந்து தொடங்குங்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தன் பெயரில் முதலாண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளும் 7,500 வரை கூட்டாட்சிக் கடன் வாங்கலாம். நான்காண்டில் 27,000. இதில் வட்டி மானியம் இல்லாத பகுதிக்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. முழுவதும் அந்த வகை, வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பட்டம் பெற்று ஆறு மாத அவகாசமும் முடியும்போது வட்டி மட்டும் 3,800 டாலரை ஒட்டிச் சேர்ந்திருக்கும்.

பழைய பத்தாண்டுத் திட்டத்தில் இதற்கு மாதத் தவணை சுமார் 340 டாலர். 2026 ஜூலை 1 முதல் வாங்கும் கடன்களுக்கு விதி மாறுகிறது. அசல் 25,000-க்குக் குறைவாக இருந்தால் பத்தாண்டு, அதிலிருந்து 50,000-க்குள் பதினைந்தாண்டு. ஆகவே 27,000 வாங்கியவருக்குத் தவணை 260 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் 5,700 டாலர் அளவுக்குக் கூடுதலாகக் கட்டுவார். தொழிற்படிப்புகளை அளக்கக் கல்வித் துறை பயன்படுத்திய ஒரு வரம்பு, தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. அதன்படி 340 டாலர் தவணைக்கு 51,000 வருமானம் வேண்டும். 260-க்கு 39,000 போதும். கடன் அதேதான், காலம் மட்டுமே நீண்டிருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வருமானத்துக்கேற்பக் கட்டும் புதிய திட்டத்தில், ஆண்டுக்கு 42,000 சம்பாதிப்பவர் அதில் 4 சதவீதம், அதாவது மாதம் 140 டாலர் கட்டுவார். 27,000 அசலுக்கு 6 சதவீத வட்டியே 135. மாதம் 50 டாலராவது அசல் குறையும்படி மீதியை அரசு ஈடுகட்டும். 30 ஆண்டு கட்டிய பிறகு மிச்சம் தள்ளுபடி. வேலை போகும் காலத்துக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் தொடக்கத்திலேயே இதை நம்பிக் கடனை ஏற்றுவது சரியில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஆங்கிலப் பட்டத்துக்காகக் குடும்பங்கள் நொடிப்பது அநேகமாக மாணவர் கடனால் அல்ல, பெற்றோர் கடனால். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு அது ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. வரம்பு வரை வாங்கி 9 சதவீத வட்டியில் இருபதாண்டு கட்டினால் மாதம் 585 டாலர். அதாவது மொத்தம் 1,40,000. வருமானத்துக்கேற்பக் கட்டும் திட்டத்தில் இந்தப் புதிய கடனுக்கு இடமில்லை. மாணவர் பெயரில் வரும் 27,000-க்குள் அடங்காத கல்லூரி என்றால், அதே பாடத்தைக் குறைந்த செலவில் சொல்லித்தரும் மாநிலக் கல்லூரியைத் தேடுங்கள். இலக்கியம் வேண்டாம் என்று பிள்ளையைத் திருப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால் கிடைக்கும் கடன் தள்ளுபடி, கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு 17,500 டாலர் வரை. ஆங்கில ஆசிரியருக்கு 5,000 வரைதான். அரசுப் பள்ளி வேலை நிச்சயம் என்றால், தகுதியான 120 தவணைகளுக்குப் பின் மீதியை நீக்கும் பொதுச்சேவைத் திட்டமே பெரிது.

கல்லூரியிலிருந்து வரும் நிதியுதவிக் கடிதத்தில் உதவித்தொகையும் கடனும் ஒரே பட்டியலில் கலந்து, கீழே ஒரு பெரிய கூட்டுத்தொகையாக நிற்கும். கடன் வரிகளை அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். முதலாண்டுக்கு மட்டும் தரும் உதவித்தொகை எது, அடுத்த ஆண்டு தொடர எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை நின்று, படிப்பையும் பாதியில் விட்டவரின் கடன் ஸ்கோர்கார்டின் பட்டதாரிக் கடன் எண்ணில் வராது. தவணை மட்டும் ஆறு மாதத்தில் வந்துவிடும்.