மாட்டுவண்டி வட்டையில் வளைந்த அலைப்பலகை

மாமியார் வீட்டிலிருந்து மே மாதம் கிளம்பினால் பின்சீட்டு மாம்பழக் கூடைக்குத்தான். இந்த முறை அந்த இடத்தை இரண்டு பலகைகள் பிடித்துக்கொண்டன. காவேரிப்பட்டணத்திலிருந்து சென்னை வரை கூடை மனைவியின் மடியில் வந்தது. வாணியம்பாடி தாண்டும் வரை என்னோடு பேசவில்லை.

பலகை என்றால் நின்றுகொண்டு ஓட்டும் பெரிய சர்ஃபிங் பலகை இல்லை. நாலடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், எட்டு மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலை உடைந்து நுரையாக வரும் நேரம் பார்த்து, இதை வயிற்றுக்கடியில் கொடுத்துக் குப்புறப் பாய்ந்தால் கரை வரை இழுத்துக்கொண்டு வந்து போடும். ஹவாயில் இதற்குப் பைபோ என்று பேர். 1779-லேயே கேப்டன் குக்கின் கப்பலில் இருந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, ஹவாய்க்காரர்கள் பலகையில் படுத்து அலையில் வருவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பல தலைமுறையாக ப்ளைவுட்டில் செய்து விளையாடுகிறார்கள். கோவளத்தில் ஒருவரிடம் கடன் வாங்கி ஒரே ஒரு தடவை பாய்ந்து பார்த்தேன். அன்று பிடித்த கிறுக்கு.

மாமனாரின் சிநேகிதர் ஒரு ஆசாரி. ஒரு காலத்தில் வண்டிச் சக்கரம் செய்தவர், இப்போது நிலை, ஜன்னல். படம் வரைந்து காட்டினேன்.

"துணி தேய்க்கிற பலகையா மாப்ள?"

கடல் என்றதும் சிரித்தார். அவர் கடலைப் பார்த்ததே இல்லையாம். "மாமரம் கெடக்கு, அறுத்துத் தரட்டா?" என்றார். இந்தப் பக்கம் மாமரத்துக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துப் போகும். ப்ளைவுட்டுதான் என்று முடிவானது.

சிக்கல் நுனியில். பலகை முழுக்கத் தட்டையாக இருந்தால் அலை பின்னாலிருந்து தூக்கும்போது முன்நுனி தண்ணீருக்குள் குத்தும், நாம் தலைகுப்புற. அதனால் முன்பக்கம் ஒரு அடிக்கு மேல்நோக்கி வளைய வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் திண்ணையில் கிடந்த கிளிமூக்கு மாங்காய் ஒன்றை எடுத்துப் படுக்க வைத்து, நுனியைத் தொட்டுக் காட்டினேன். "அட, மூக்கு தூக்கணும், அவ்வளவுதானே" என்றார். அதிலிருந்து எங்கள் பேச்சில் அது மூக்குதான்.

முதல் நாள் மண்ணாகப் போனது. ஒரு கடையில் "தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது சார்" என்று சத்தியம் செய்து கொடுத்த ப்ளைவுட்டை வாங்கி வந்து, மூக்குப் பக்கத்தை அண்டாவில் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினோம். கால் மணி நேரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து பனை விசிறி மாதிரி நின்றது. சாதாரண ப்ளைவுட்டின் பசை யூரியா வகை, வெந்நீருக்குத் தாங்காது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்டதுதான் வேண்டும். அதன் பசை ஃபீனால் வகை, 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கும் சரக்கு. மறுநாள் கிருஷ்ணகிரி டவுனுக்குப் போய் அதில் நாலு மில்லிமீட்டர் தாள் வாங்கி வந்தோம். எட்டு மில்லிமீட்டரை ஒரே தாளாக வாங்கினால் வளைப்பது கஷ்டம். மெல்லிய தாள் இரண்டை வளைத்து ஒட்டினால் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

எதன் மேல் வைத்து வளைப்பது? கட்டையில் அச்சு செதுக்கலாம் என்றேன். ஆசாரி பதில் சொல்லாமல் கொட்டகைக்குப் பின்னால் போய், பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டை, அதாவது வெளிவளைய மரத்தின் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அஞ்சடிச் சக்கரத்தின் வளைவு. ஒரு அடி நீளத்துக்கு நுனி ஆறு சென்டிமீட்டர் தூக்கியது. நான் இணையத்தில் தேடிக் குறித்து வைத்திருந்த கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். நோட்டை மூடிவிட்டேன்.

அரை மணி நேரம் கொதித்த தாள்களை வட்டையின் முதுகில் போட்டு, கயிறு சுற்றி, கயிற்றுக்குள் குச்சி செருகி முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் ப்ளைவுட் முனகியது. "சத்தம் வந்தா நிறுத்தணும், அப்புறம் ஒரு பீடி நேரம் கழிச்சு முறுக்கணும்." பீடி நிஜமாகவே பற்ற வைத்தார். அப்படி ஐந்து முறுக்கு. இரண்டு நாள் காய விட்டு அவிழ்த்தபோது ஆறு சென்டிமீட்டர் நாலாகக் குறைந்திருந்தது. மரம் தன் பழைய இடத்துக்குக் கொஞ்சம் திரும்பத்தானே பார்க்கும். தண்ணீர் தாங்கும் பசை தடவி மறுபடி வட்டையில் கட்டினோம். ஒட்டிக் காய்ந்த பின் அசையவில்லை.

மிச்சம் சீக்கிரம் முடிந்தது. ஓரங்களை அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டினோம், மூணு கை வார்னிஷ். ஓரத்துக்கு மட்டும் நாலாவது கை, ஏனென்றால் தண்ணீர் உள்ளே ஏறுவது அந்த வழியாகத்தான்.

சோதனை ஓட்டம் மாந்தோப்புக் கிணற்றில். வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிக்கொண்டிருந்த பொடியன்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகையில் ஏறினார்கள். என் முறை வரவேயில்லை.

காவேரிப்பட்டணம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. அந்த ஆறு கடலில் சேருவது கடலூர் பக்கம். சரி, பலகையும் அங்கேயே போகட்டும் என்று இரண்டு வாரம் கழித்து கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு அலை என்னை விட்டுவிட்டுப் போய்விட்டன. மூன்றாவது சரியாக முதுகில் தட்டியது. கண்ணில் உப்பு, காதில் இரைச்சல், மூக்கு நுரைக்கு மேலே விறைத்து நிற்கிறது, அப்புறம் வயிற்றில் மணல்.

கரையிலிருந்தே ஆசாரிக்குப் போன் போட்டேன்.

"மூக்கு குத்துச்சா மாப்ள?"

"குத்தலைங்க."

மனைவி எடுத்த வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"கரைக்கு வந்துட்டீங்க. திரும்பக் கடலுக்குள்ள எப்பிடிப் போவீங்க?"

"நடந்துதாங்க."

"நடந்தா?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுக்கா அஞ்சு நாளு வேலை வாங்குனீங்க?"