ரஷ்யப் பேரரசின் கழுகு: சிறகிலிருந்து படியுங்கள்

முதுகலை வரலாற்றில் ஐரோப்பிய வரலாற்றுத் தாளுக்குப் படிப்பவர்களில் பலர், ரஷ்யப் பேரரசின் அரசச் சின்னம் என்றதும் இரட்டைத் தலைக் கழுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு தலை கிழக்கைப் பார்க்கிறது, மற்றது மேற்கைப் பார்க்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். திருத்துபவருக்கு அலுத்துப்போன வரி அது. கழுகு எப்படி வந்தது என்பதை அது விளக்குவதும் இல்லை.

நான் சிறகுகளிலிருந்து படிக்கத் தொடங்கினேன். பெரிய, நடுத்தர, சிறிய என்ற மூன்று வடிவங்களில் 1883-இல் உறுதியான சிறிய சின்னத்தின் படத்தைத் தாளில் பெரிதாக வரைந்து, சிறகுகளில் உள்ள எட்டுக் கேடயங்களின் பக்கத்தில் அந்தந்த நிலம் கைக்கு வந்த ஆண்டை எழுதினேன். கசான் 1552, அஸ்திரகான் 1556, கிரிமியா 1783, ஜார்ஜியா 1801, பின்லாந்து 1809, போலந்து 1815. சைபீரியாவுக்கு ஒற்றை ஆண்டு கிடையாது. 1580-களில் தொடங்கிய படையெடுப்பு என்று குறித்தேன். எட்டாவது கேடயம் பழைய ரஷ்ய அரசுகளான கீவ், விளாதிமிர், நோவ்கோரத் மூன்றையும் சேர்த்துக் காட்டுவது. அது ஒரு வெற்றியைக் குறிப்பதல்ல. பரம்பரை உரிமை கோருவது. அவ்வளவுதான், சின்னம் ஒரு வில்லங்கச் சான்றிதழ்போல் வாசிக்கக் கிடைத்துவிட்டது. கசானின் முடிசூடிய நாகம், சைபீரியாவின் இரண்டு கரிய சேபிள்கள் (மென்மயிருக்குப் பெயர்போன மரநாய் போன்ற பிராணிகள்) எல்லாம் தனியாக மனப்பாடம் செய்யாமலே நினைவில் நின்றன.

எட்டில் நான் அதிக நேரம் செலவிட்டது பின்லாந்துக் கேடயத்தில். சிவப்புப் புலத்தில் (கேடயத்தின் பின்னணியில்) பொன் சிங்கம், ஒரு முன்னங்காலில் நேர்வாள், பின்னங்கால்களுக்கு அடியில் வளைந்த வாள். பின்லாந்து ஸ்வீடனின் கையில் இருந்த 16-ஆம் நூற்றாண்டில் உருவான சின்னம் இது. காலடியில் கிடக்கும் வளைவாள் கிழக்கிலிருந்த எதிரியான ரஷ்யாவைக் குறிக்கிறது என்பதே வழக்கமான விளக்கம். அதே சிங்கத்தை ஜார் தன் கழுகின் சிறகிலேயே வைத்துக்கொண்டார்! இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே, படத்தை உற்றுப் பார்த்தவர் எழுதிய விடை என்பது தெரிந்துவிடும்.

கழுகின் பிறப்புக்கு இரண்டு கருத்துகளையும் எழுதுங்கள். மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் 1472-இல் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் கடைசிப் பேரரசருடைய அண்ணன் தம்பி வழி மகளான சோபியாவை மணந்தார். பைசாந்தியக் கழுகு சோபியாவோடு வந்தது என்பது பழைய கருத்து. ஆனால் கழுகு நமக்குத் தெளிவாகத் தெரியவருவது 1497-ஆம் ஆண்டு முத்திரையில். நடுவில் இருபத்தைந்து ஆண்டு இடைவெளி இருப்பதால், இரட்டைத் தலைக் கழுகையே சின்னமாகக் கொண்ட புனித ரோமானியப் பேரரசின் ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசருக்குச் சமமாக நிற்கவே இவான் அதை எடுத்தார் என்போர் உண்டு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

கழுகின் தலைகளுக்கு மேலுள்ள மூன்று கிரீடங்களைக் கிறிஸ்தவத் திரித்துவம் என்று விளக்கப் பார்க்காதீர்கள். 1667-ஆம் ஆண்டு அரசாணையே அவற்றைக் கசான், அஸ்திரகான், சைபீரியா என்று சொல்கிறது.

இடம் வலம் குழப்பம் மதிப்பெண்ணைத் தின்னும். சின்னவியலில் வலம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம். பார்க்கும் நமக்கு அது இடம். 1857-இல் சின்னங்களைத் திருத்திய பெர்ன்ஹார்ட் கோனே, கழுகின் மார்பில் உள்ள குதிரைவீரனை மேற்கத்திய விதிப்படி அந்த வலம் நோக்கித் திருப்பினார். எனவே வீரன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதை வைத்தே படம் 1857-க்கு முந்தையதா பிந்தையதா என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

வினாவில் பெரிய சின்னம் என்று இருந்தால் மிக்கேல், கபிரியேல் தூதர்களையும், ‘கடவுள் நம்மோடு’ என்ற வாசகத்தையும், 1882-இல் சேர்ந்த துர்கெஸ்தானின் ஒற்றைக்கொம்புக் குதிரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் வரைந்தால் பொன் புலத்தில் கரிய கழுகு. சிவப்பில் பொன் கழுகு 1993-இல் வந்த இன்றைய ரஷ்யாவினுடையது.