மஞ்சள்கரு தீர்வதற்குள்

கொளத்தூரில் வாங்கி வந்த ஃபைட்டர் மீன் ஜோடி முதல்முறை முட்டையிட்டபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நுரைக்கூட்டுக்கு அடியில் ஆண் மீன் காவல் நின்றது. ஒன்றரை நாளில் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் நுரையில் ஒட்டிக்கொண்டு, வால் கீழே தொங்க, கண்ணிமை மயிர் மாதிரி இருந்தன. இருநூறு இருக்கும். பத்து நாளில் பதினொன்றுதான் மிஞ்சின.

நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவை பட்டினியால் செத்திருக்கின்றன.

பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கருப் பை ஒட்டியிருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் அது ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். தொங்கிக்கொண்டிருந்த குஞ்சு படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்தால் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் அன்றைக்குத்தான் இன்ஃபுசோரியாவுக்காக, அதாவது குஞ்சுகளின் முதல் தீனியான நீர் நுண்ணுயிர்களுக்காக, முட்டைக்கோஸ் இலையை ஊறப்போட்டேன். அது தயாராக ஐந்தாறு நாள் வேண்டும். இடையில் அவித்த முட்டையின் மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் கெட்டதுதான் மிச்சம்.

ஒருவழியாக இன்ஃபுசோரியா வந்ததும் ஊற்றிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்த ஒரு குஞ்சு. அதன் வாய்க்கு நேரே தீனி ஊர்ந்து போகிறது. குஞ்சு திரும்பவே இல்லை. பட்டினி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பிறகு எவ்வளவு தீனி போட்டாலும் அதைப் பிடிக்கவும் செரிக்கவும் தெம்பு இருக்காது. அதை நேரில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

நார்வேயைச் சேர்ந்த மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914-இலேயே கடல் மீன்களைப் பற்றி இதை எழுதியிருக்கிறார். ஹெர்ரிங், காட் மீன்கள் சில வருடம் குவிவதற்கும் சில வருடம் அரிதாவதற்கும், மஞ்சள்கரு தீரும் நாட்களில் குஞ்சுகளுக்குத் தீனி கிடைத்ததா இல்லையா என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அதைப் படித்தபோது என் தொட்டிதான் கண்முன் வந்தது.

இரண்டாம் முறை, ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே இன்ஃபுசோரியா வளர்க்கத் தொடங்கினேன். மூன்று பாட்டில்கள், இரண்டிரண்டு நாள் இடைவெளியில். முதலில் தண்ணீர் பால் மாதிரி கலங்கி நாறும், அது பாக்டீரியா. அதைத் தின்று இன்ஃபுசோரியா பெருகியதும் தண்ணீர் தெளியும், நாற்றம் குறையும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தூசி தானாக நகர்வது போலத் தெரியும். அப்போதுதான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, இந்த வயதில் குஞ்சு தீனியைத் துரத்திப் போகாது. வாயருகே வருவதைத்தான் கொத்தும். அதனால் தொட்டியில் நாலு அங்குலத் தண்ணீர் மட்டும் வைத்தேன். அதே தீனி, ஆனால் நெருக்கமாகக் கிடைத்தது.

நீந்த ஆரம்பித்த நான்காம் நாள் ஆர்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரியின் குஞ்சு. அதன் முட்டை பொரிய லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, ஏர் பம்ப், ஒரு நாள் பொறுமை. பொரிந்த சில மணி நேரத்திலேயே நல்ல தண்ணீரில் அலசிக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஆர்டீமியாவும் தன் மஞ்சள்கருவைக் கரைத்துச் சத்துக் குறைந்துவிடும். முதல் வேளை போட்டுப் பத்து நிமிடம் இருக்கும். கண்ணாடி போன்ற உடம்புக்குள் ஒவ்வொரு வயிறும் ஆரஞ்சு நிறத்தில் உருண்டிருந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் வேறு கவலை. ஒரே நாளில் பொரிந்தவைதான், ஆனால் சில மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு. பெரியவை முந்தித் தின்றன, சிறியவை ஓரத்தில் ஒதுங்கின. சிறியவற்றைத் தனி டப்பில் விட்டு, தினம் நாலு வேளை போட்டேன். பத்து நாளில் அவையும் நீண்டு, துடுப்பில் நிறம் வர ஆரம்பித்தது. இந்த முறை ஒரு மாதம் தாண்டியவை நூற்று நாற்பது.