ஹாஜி அலி பாறையில் ஓர் அறிவியல் வகுப்பு

மும்பையின் தாராவியிலிருந்து கடல் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடல் என்றால் ஜுஹூவில் காலை நனைத்துவிட்டு, பேல்பூரி தின்றுவிட்டுத் திரும்புவதுதான். அதை மாற்றியவர் எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர். மழைக்காலம் முடிந்ததும் செய்தித்தாளில் கடலேற்ற நேரங்களைப் பார்த்து, தண்ணீர் நன்றாக உள்வாங்கும் நாளில் பெஸ்ட் நகரப் பஸ்ஸில் எங்களைக் கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்கா பக்கம் அழைத்துப் போனார்.

தர்காவுக்குப் போகும் பாதையை ஒட்டிப் பாறைகள் வெளியே தெரிந்தன. சாக்கடை நாற்றம், வழுக்கும் பாசி. இங்கே என்ன இருக்கப் போகிறது என்று முணுமுணுத்தோம். "குனிந்து பாருங்கள், பிள்ளைகளா" என்றார் டீச்சர்.

பாறைக் குழியில் தேங்கிய நீரில் அது ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடில்லாத கடல் நத்தை. வெளிறிய உடலில் ஊதாப் புள்ளிகள். தலையில் இரண்டு கொம்புகள், முதுகின் பின்பக்கம் பூங்கொத்துப் போலச் செவுள்கள். யாரோ தண்ணீரைக் கலக்க, அந்தக் கொத்து சட்டென்று உடலுக்குள் மறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒவ்வோர் இதழாக மறுபடி வெளியே வந்தது.

குஞ்சுப் பருவத்தில் இதற்கும் ஓடு உண்டு, வளரும்போது உதிர்த்துவிடும் என்றார் டீச்சர். கொம்புகள் மோப்பம் பிடிக்க. கடற்பஞ்சு என்ற கடல் உயிரைத் தின்று அதிலுள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரியும்.

"அப்படியானால் தன் நிறம் அதற்கே தெரியாதா, டீச்சர்?"

"தெரியாது. கடிக்க வரும் மீனுக்குத் தெரிந்தால் போதும்."

எதையும் பாட்டிலில் அடைக்க அவர் விடவில்லை. கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அடியில் முட்டைகள் நாடாவாகச் சுருண்டு ஒட்டியிருக்கும் என்பார்.

வெளிநாடு வந்து பல காலம் கழித்துத்தான் அதன் பெயரைத் தெரிந்துகொண்டேன். படத்தில் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது: கோனியோபிராங்கஸ் பம்பாயானஸ். 1946இல் விங்க்வொர்த் என்ற ஆய்வாளர் பம்பாய் என்ற நம் ஊரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பேட்டையின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் இருந்த காலத்தில், இதையும் டீச்சர் சொல்லக் கேட்டிருந்தால் எவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்போம்!

ஹாஜி அலி, வொர்லிக் கரைகள் இன்று அப்படியே இல்லை. கடலோரச் சாலைக்காக அங்கிருந்த பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். 2024இல் சாலையும் திறந்தாயிற்று. ஆனால் மிச்சமிருக்கும் பாறைகளில் உயிர் இருக்கிறது. 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குழுவினர் 2017 முதல் பொதுமக்களைக் கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.

நம் பள்ளிப் பிள்ளைகளும் போக வேண்டும். பஸ் கட்டணம், வழுக்காத செருப்பு, இருவருக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, இவ்வளவுதான் செலவு. நம் பழைய மாணவர்களின் அடுத்த பொதுக்குழுவில் இதை முன்வைக்கிறேன். முதல் ஆண்டுச் செலவை நானே ஏற்கிறேன். அடுத்த ஆண்டுகளுக்கு உங்களில் யார் வருகிறீர்கள்?