மீடியம் ஃபார்மட் போர்ட்ரெய்ட் லென்ஸ்: எஃப் எண்ணுக்கு முன்னால் தூரத்தைப் பாருங்கள்

35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிமோ சென்சாரோ கொண்ட மீடியம் ஃபார்மட் கேமரா கைக்கு வந்ததும் பலர் அடுத்துத் தேடுவது அந்த சிஸ்டத்திலேயே மிகச் சிறிய எஃப் எண் கொண்ட லென்ஸை (எண் சிறிதானால் அப்பர்ச்சர் எனும் லென்ஸின் திறப்பு பெரிதாகும்). மாமியா 645 என்றால் 80 மி.மீ. எஃப்/1.9, கான்டாக்ஸ் 645 என்றால் 80 மி.மீ. எஃப்/2, பென்டாக்ஸ் 67 என்றால் 105 மி.மீ. எஃப்/2.4. மூன்றும் அருமையான லென்ஸ்கள். ஆனால் மூன்றுமே அந்தந்த ஃபார்மட்டின் நார்மல் லென்ஸ்கள். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்தைத்தான் இவை காட்டும். முகத்துக்காக இவற்றை வாங்கிவிட்டு, மூக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று குழம்புகிறவர்கள் நிறைய.

முகத்தின் வடிவத்தை முடிவு செய்வது நாம் நிற்கும் தூரம் மட்டும்தான். 1.5 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை நின்றால் முகம் இயல்பாக இருக்கும். 1 மீட்டருக்குள் போனால் மூக்கும் நெற்றியும் முன்னே வரும், காதுகள் பின்வாங்கும். அதனால் லென்ஸ் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தலை, தோள், கொஞ்சம் மார்பு சேர்ந்த படத்துக்கு ஃபிரேமின் நீளப் பக்கத்தில் சுமார் 60 செ.மீ. அடங்க வேண்டும். 600-ஐ ஃபிரேமின் நீளத்தால் (மி.மீ.யில்) வகுத்து, அதோடு 1 கூட்டி, குவியத் தூரத்தால் (80 மி.மீ., 150 மி.மீ. என்று லென்ஸின் பெயரில் வரும் எண்) பெருக்கினால் நீங்கள் நிற்க வேண்டிய தூரம் ஏறத்தாழ வந்துவிடும்.

645 ஃபிரேமின் நீளம் 56 மி.மீ. அப்படியென்றால் 80 மி.மீ. லென்ஸுக்கு 94 செ.மீ. தூரம்தான் வருகிறது. 150 மி.மீ. லென்ஸுக்கு 1.75 மீட்டர். பென்டாக்ஸ் 67-ல் 105 மி.மீ. லென்ஸோடு 1 மீட்டரில் நிற்க வேண்டும், அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரமும் அதுவே. அதே கேமராவில் 165 மி.மீ. எஃப்/2.8 போட்டால் 1.6 மீட்டர். 44×33 மி.மீ. சென்சார் உள்ள ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸில் 80 மி.மீ. எஃப்/1.7 லென்ஸுக்கு 1.18 மீட்டர், 110 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்கு 1.62 மீட்டர். தலை-தோள் படங்கள்தான் உங்கள் வேலை என்றால் தேர்வு இங்கேயே பாதி முடிந்துவிட்டது. இடுப்பு வரை, அல்லது ஆள் இருக்கும் அறையோடு சேர்த்து எடுப்பதுதான் விருப்பம் என்றால் 80-ம் 105-ம் தங்கம். பின்னால் தள்ளி நிற்பதால் முகமும் கெடாது, ஆளும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பார்.

சரி, பின்னணி மங்கல்? குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரே அளவு ஃபிரேமிங்கில், வெகு தூரத்தில் இருக்கும் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். மாமியா 80 எஃப்/1.9-க்கு 42 வருகிறது, மாமியா 150 எஃப்/2.8-க்கு 54. அதாவது விலை கூடிய எஃப்/1.9 லென்ஸைவிட எஃப்/2.8 லென்ஸ் தலை-தோள் படத்தில் பின்னணியை அதிகம் கரைக்கும், முகத்தில் கூர்மையாக இருக்கும் ஆழத்தையும் கூடுதலாகத் தரும். பென்டாக்ஸ் 105-க்கு 44, 165-க்கு 59. ஜிஎஃப்எக்ஸ் 80-க்கு 47, 110-க்கு 55.

இதே கணக்கில் சாதாரண ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கேமராவின் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸுக்கு 61, 105 மி.மீ. எஃப்/1.4-க்கு 75. மங்கலான பின்னணி மட்டும்தான் தேவை என்றால் மீடியம் ஃபார்மட்டில் பணம் போடாதீர்கள். இங்கே கிடைப்பது வேறு. 20 அங்குல பிரின்டுக்கு 67 நெகட்டிவை சுமார் 7 மடங்கு பெரிதாக்கினால் போதும், 35 மி.மீ. நெகட்டிவுக்கு 14 மடங்கு வேண்டும். தோலின் நிறம் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடம் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பரப்பளவு. லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கெடுக்காத லென்ஸா என்று பார்க்க வேண்டும்.

உண்மையான சண்டை ஃபோகஸில்தான். மாமியா 80 எஃப்/1.9-ஐ முழுதாகத் திறந்து 94 செ.மீ.யில் எடுத்தால் கூர்மை இருக்கும் ஆழம் மொத்தம் 2.2 செ.மீ. ஃபிரேமின் நடுவில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு கேமராவை 15 டிகிரி திருப்பி கம்போஸ் செய்தால், ஃபோகஸ் தளம் கண்ணுக்கு 3 செ.மீ.க்கும் மேல் பின்னால் போய்விடும். கண் மங்கி, காதோர முடி கூர்மையாக வரும் படங்களுக்குக் காரணம் இதுதான், பெரும்பாலும் லென்ஸின் மேல் தப்பில்லை. முதலில் கம்போஸ் செய்துவிட்டு, கண் விழும் இடத்திலேயே வியூஃபைண்டர் ஸ்கிரீனின் சொரசொரப்பான பகுதியைப் பார்த்து ஃபோகஸ் வையுங்கள். எடுக்கப்படுபவர் முதுகு சாய்ந்து உட்காரட்டும். நின்றுகொண்டிருப்பவர் மூச்சு விடும்போதே 2 செ.மீ. அசைவார். 67-ல் ஒரு 120 ஃபிலிம் ரோலுக்கு 10 படம்தான், வீணாக்க முடியாது.

கேமராவே தப்பாகக் காட்டுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பழைய கேமரா உடல்களில், வியூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி வந்து உட்காரும் ஃபோம் நைந்துபோனால் கண்ணாடி இருக்க வேண்டிய உயரம் மாறும், வியூஃபைண்டரில் சரியாகத் தெரிவது ஃபிலிமில் தவறும். ட்ரைபாடில் கேமராவை வைத்து, 1.5 மீட்டரில் ஓர் அளவுகோலை 45 டிகிரி சாய்த்து, ஒரு கோட்டுக்கு ஃபோகஸ் வையுங்கள். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் சிறு கிரவுண்ட் கிளாஸ் (ஒரு பக்கம் சொரசொரப்பாக்கிய கண்ணாடி) துண்டை, சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஷட்டரை ‘பி’-யில் (விடும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து லூப் எனும் சிறு உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள். அதே கோடு கூர்மையாக இருந்தால் பிரச்சினையில்லை. பென்டாக்ஸ் 67 ஷட்டரைத் திறந்து வைத்திருக்க பேட்டரியைத் தின்னும், சீக்கிரம் பார்த்து முடியுங்கள்.

டிஜிட்டலில் கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இந்தத் தலைவலியில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. ஆனால் 100 மெகாபிக்சல் கோப்பை முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு, ஜிஎஃப்எக்ஸ் 110 எஃப்/2-ல் 1.5 மீட்டரில் கூர்மை சுமார் 1 செ.மீ.தான். எஃப்/2.8-க்கு மூடினால் தவறும் படங்கள் கணிசமாகக் குறையும்.

ஷட்டரை மறந்துவிட்டு லென்ஸ் வாங்காதீர்கள். ஹாசல்பிளாட் 110 மி.மீ. எஃப்/2 பிளானர் லென்ஸுக்குள் ஷட்டர் கிடையாது. அது 2000, 200 வரிசை உடல்களுக்கானது, 500 சி/எம்-மில் போட்டு முறையாக எக்ஸ்போஸ் செய்ய முடியாது. பென்டாக்ஸ் 67-ல் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/1000 வினாடி, ஃபிளாஷ் ஒத்திசைவோ (ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச வேகம்) 1/30 மட்டுமே. ஐஎஸ்ஓ 160 ஃபிலிமை உச்சி வெயிலில் எஃப்/2.4-ல் எடுக்க சுமார் 1/7200 வேண்டும், அதாவது வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் 3 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் இல்லாமல் முடியாது. திறந்த நிழலில் 1/1000 போதும், முகத்துக்கும் அதுவே நல்ல வெளிச்சம். வெயிலோடு ஃபிளாஷ் கலப்பவர்களுக்கு, லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள பென்டாக்ஸ் 165 மி.மீ. எஃப்/4 எல்எஸ் மெதுவான (எஃப் எண் பெரிய) லென்ஸாக இருந்தாலும் நல்ல தேர்வு. ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி 80 எஃப்/1.9 லென்ஸ் 1/2000 வரை ஃபிளாஷோடு ஒத்துழைக்கும், ஜிஎஃப்எக்ஸ் 1/125-ல் நின்றுவிடும்.

மாமியா 80 எஃப்/1.9 பற்றி இன்னொன்று. முழுதாகத் திறந்திருக்கும்போது பளிச்சிடும் ஓரங்களில் ஊதா, பச்சை விளிம்பு கட்டும். பட்டுப்புடவை ஜரிகையிலும் மூக்குத்திக் கல்லிலும் இது சட்டென்று தெரியும். எஃப்/2.8-ல் பெருமளவு அடங்கிவிடும். மேலும், 645 உடலில் இடுப்பளவு வியூஃபைண்டர் மட்டும் இருந்தால் நெட்டுவாக்குப் படம் எடுப்பது பெரும் அவஸ்தை. கண்ணளவில் வைத்துப் பார்க்க உதவும் ப்ரிசம் வியூஃபைண்டரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பழைய லென்ஸை வாங்கும்போது அப்பர்ச்சரைத் திறந்து, டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் பரவும், 40–50 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினட்டில் வைப்பதே பாதுகாப்பு. பழைய பென்டாக்ஸ் 105-களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் தேநீர் நிறத்தில் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள், சில லென்ஸ்களுக்கு சில வாரங்கள் வைத்தால் தெளியும். நம் ஊர் வெயிலில் மணிக்கணக்கில் வைத்தால் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் ஒட்டிக்கொள்ளலாம், காலை வெயில் போதும்.

பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் ஜிஎஃப்எக்ஸ்காரர்களுக்கு இந்த பென்டாக்ஸ் 105 அடாப்டரோடு (வேறு கேமராவின் லென்ஸைப் பொருத்த உதவும் இணைப்பு வளையம்) மிக நல்ல வழி. சிறிய சென்சாரில் தலை-தோள் தூரம் 1.54 மீட்டராக நீள்வதால், 67-ல் நார்மலாக இருந்த லென்ஸ் இங்கே உண்மையான போர்ட்ரெய்ட் லென்ஸாகிவிடுகிறது. அடாப்டர் சுமார் 58 மி.மீ. நீளம் என்பதால் ட்ரைபாட் கால் உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் மொத்த எடையும் கேமராவின் மவுன்ட்டில் தொங்கும். கான்டாக்ஸ் 80 எஃப்/2-க்கு மலிவான வெற்று அடாப்டர் உதவாது. அதன் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது, மின் இணைப்புள்ள அடாப்டர் இல்லாமல் எஃப் எண்ணை மாற்றவே முடியாது.