இரண்டாம் அங்கத்தில் நாலைந்து இலை

சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம், 1953இல் பாரிசில் மேடையேறியது. நேற்று ராத்திரி மலேசியாவில், சுங்கை சிப்புட் வீட்டில் மறுபடி வாசித்தேன். இரண்டே அங்கம். அதே சாலை, அதே மரம், கோடோவுக்காகக் காத்திருக்கும் அதே இருவர். கோடோ இன்று வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று ஒரு பையன் வந்து சொல்கிறான். இரண்டாம் அங்கத்திலும் அதே சேதிதான். மரத்தில் மட்டும் நாலைந்து இலை துளிர்த்திருக்கிறது. அந்த இலைகள்தான் என்னைப் படுத்துகின்றன. ஒரே அங்கத்தோடு முடித்திருந்தால் ஏதோ ஒருநாள் ஏமாற்றம் என்று மறந்திருப்பேன்.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்பார். லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பதில் சொந்த வீடு, அடுத்த வருஷம் என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொல்வார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வெற்றிலை கிள்ளும் கை நின்றுவிடும், கண் வாசலுக்குப் போகும்.